படிகளை எண்ணினால் உயரம் ஆகுமா?

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. சீனிவாசமங்காபுரத்துப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் 2,388 படிகள். இரண்டும் சென்று சேரும் மலை ஒன்றே. “மலையின் உயரம் என்பது அதில் ஏறும் படிகளின் எண்ணிக்கை” என்று ஒருவர் இலக்கணம் வகுத்தால், ஒரே மலைக்கு இரண்டு உயரங்கள் வந்துவிடும்.

இது சிரிப்பதற்குரிய இலக்கணம் என்று தோன்றும். ஆனால் எதனால் சிரிக்கிறோம் என்று சற்று நின்று எண்ணிப் பார்த்தால், விடை அவ்வளவு எளிதில் வருவதில்லை. படியை எண்ணுபவர் குறைந்தது ஒரு செயலைச் செய்கிறார்; ஓர் எண்ணைப் பெறுகிறார். நாமோ, “உயரம் என்பது மேல்நோக்கிய தொலைவு” என்போம். தொலைவு என்றால் என்ன? இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட நீளம். நீளம் என்றால்? மீண்டும் தொலைவுக்கே வந்து நிற்போம். “வெப்பநிலை என்பது ஒரு பொருளில் உள்ள சூட்டின் அளவு” என்று எழுதித் தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கியவர் நம்மில் பலர். ஆனால் இரண்டு பேர் இரண்டு வெப்பநிலைகளைச் சொல்லிச் சண்டையிட்டால், அந்த வாக்கியத்தைக் கொண்டு வழக்கைத் தீர்க்க முடியாது. சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுப்பது அகராதியின் வேலை; அறிவியல் அதற்குமேல் ஒன்றைக் கேட்கிறது.

அது கேட்பது எது என்பதற்குத் தமிழ் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பள்ளியில் ஆகுபெயர் படித்தபோது நால்வகை அளவைகளை மனப்பாடம் செய்தோம்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். இவற்றை உற்று நோக்குங்கள். எண், எடை, கொள்ளளவு, நீளம் என்று பண்புகளைப் பெயரிட்டுச் சொல்லாமல், செய்கின்ற செயலையே பெயராக்கி வைத்திருக்கிறார்கள். துலாக்கோலைப் பிடித்துத் தூக்குவது எடுத்தல். நெல்லைக் கலத்தால் மொள்ளுவது முகத்தல். கோலையோ கயிற்றையோ போட்டு நீட்டுவது நீட்டல். எதை அளக்கிறோம் என்பதை எப்படி அளக்கிறோம் என்பதைக் கொண்டே பிரித்தார்கள்.

செயல் மட்டும் போதாது. எந்தக் கருவியால் என்பதும் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் பொன்னின் நிறை வரும் இடமெல்லாம், அது “ஆடவல்லான்” என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது என்று குறித்திருப்பார்கள். மணிகள் பதித்த அணிகலன்களுக்கு “தட்சிணமேரு விடங்கன்” என்னும் வேறு கல். நெல்லுக்கோ ஆடவல்லான் என்னும் மரக்கால். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒக்கும் என்ற குறிப்பும் உண்டு. நம் திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளிலும் நிவேதனத்துக்கு அரிசி அளக்கும்போது “மலைகினியநின்றான் கால்” என்று கலத்தின் பெயரைச் சொல்லி அளக்கிறார்கள். கலத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் “நூறு மரக்கால்” என்பது ஊருக்கு ஒரு பொருள் தரும் என்று அந்தக் கணக்கர்கள் அறிந்திருந்தார்கள். படி என்ற அளவும் ஊருக்கு ஊர் மாறியதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம்.

இதைக் கொண்டு, அயல்நாட்டார் பின்னால் கண்டதை நாம் முன்பே கண்டுவிட்டோம் என்று மார்தட்ட வேண்டியதில்லை. கணக்கர் செய்தது நடைமுறை ஒழுங்கு. அதைக் கொண்டு அறிவியல் கருத்துகளின் பொருளையே ஆராய்ந்தவர் அமெரிக்க நாட்டுப் பௌதிக அறிஞர் பெர்சி பிரிட்ஜ்மன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். உயர் அழுத்த ஆராய்ச்சிக்காக 1946-இல் நோபெல் பரிசு பெற்றவர். 1927-இல் அவர் வெளியிட்ட “நவீன பௌதிகத்தின் தர்க்கம்” என்ற நூலின் கருத்தைச் சுருங்கச் சொன்னால் இதுதான்: ஓர் அறிவியல் கருத்தின் பொருள், அதை அளக்க நாம் செய்யும் செயல்களின் தொகுதியே, அதற்கு மேல் வேறொன்றும் இல்லை.

ஆய்வுக்கூடத்திலேயே வாழ்ந்த மனிதருக்கு இந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. அதுவரை எவரும் எட்டாத அழுத்தங்களை அவர் உண்டாக்கினார். பழைய அழுத்தமானிகள் அங்கே உடைந்துபோகும். மாங்கனின் என்னும் உலோகக் கலவைக் கம்பியின் மின்தடை மாறுவதைக் கொண்டு அழுத்தத்தை அறிய வேண்டியிருந்தது. கம்பியின் மின்தடைக்கும், நாம் கையால் உணரும் அழுத்தத்துக்கும் என்ன உறவு? இரண்டையும் “அழுத்தம்” என்ற ஒரே பெயரால் அழைக்க நமக்கு யார் உரிமை தந்தார்கள்? இந்தக் கேள்வி அவருக்குத் தத்துவமன்று, அன்றாட வேலை. இதற்கு முன் 1905-இல் ஐன்ஸ்டைன் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தொலைவில் நிகழும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன என்பதை எப்படி அறிவது? ஒளிச் சைகையை அனுப்பிப் பார்க்காமல் “ஒரே நேரம்” என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை என்று அவர் காட்டியதும் நியூட்டனின் பொதுக் காலம் சரிந்தது. அந்த அதிர்ச்சி இன்னொரு முறை நேராமலிருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கருத்தையும் அதன் அளவைச் செயலோடு கட்டிவைக்க வேண்டும் என்பது பிரிட்ஜ்மனின் கவலை.

இனி மலைக்குத் திரும்புவோம். அலிபிரிக்கும் திருமலைக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 650 முதல் 700 மீட்டர். இந்த எண்ணைப் பெறக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு.

மட்டக்கருவியையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து, வேறுபாடுகளைக் கூட்டிக்கொண்டே ஏறுவது முதல் வழி. நில அளவையாளர் வழி இது. இதன் தொடக்கம் கடல்மட்டம். இந்தியாவில் ஒன்பது துறைமுகங்களில் அலைகளின் ஏற்ற இறக்கத்தைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து, அதன் சராசரியைச் சுழியாகக் கொண்டு, 1909-இல் உயரங்களை வகுத்தார்கள்.

பாரமானியைச் சுமந்து ஏறுவது இரண்டாவது வழி. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். நம் பகுதியின் வெப்பத்தில், தரையை ஒட்டி ஒன்பது மீட்டருக்கு ஒரு மில்லிபார் என்று வைத்துக்கொள்ளலாம். அலிபிரிக்கும் திருமலைக்கும் எழுபது மில்லிபார் அளவு வேறுபாடு வரும். ஆனால் ஒரு தொல்லை. வெப்பமண்டல நாடுகளில் காற்றழுத்தம் கடலலையைப் போல நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணிக்கு உச்சம். மாலை நான்கு மணிக்குத் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கம் மூன்று மில்லிபார் அளவு. காலையில் கீழே ஒருமுறை பார்த்து, மாலையில் மேலே ஒருமுறை பார்த்தால் மலை 25 மீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும். கீழே ஒரு நண்பரை அதே நேரத்தில் மற்றொரு பாரமானியைப் பார்க்கச் சொன்னால்தான் மலை அதன் அளவில் நிற்கும். கைப்பேசிகள் பலவற்றில் அழுத்தம் உணரும் சில்லு இருப்பதால், இதை நம் மாணவர்கள் எவரும் செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, செயற்கைக்கோள் வழி. இது நேரடியாகத் தரும் உயரம் கடலிலிருந்து கணக்கிட்டதன்று. பூமிக்கு ஒத்ததாகக் கணிதத்தில் வரைந்த ஒரு நீள்கோளத்தின் பரப்பிலிருந்து கணக்கிட்டது. தென்னிந்தியாவில் கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்கு எண்பது மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அந்தப் பள்ளம் நூறு மீட்டரையும் தாண்டுகிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் அதுதான். ஆகவே திருத்தம் செய்யாத செயற்கைக்கோள் கணக்கில், சென்னைக் கடற்கரையில் நிற்பவர் எண்பது மீட்டருக்கு மேல் “ஆழத்தில்” இருப்பார்! கருவி பொய் சொல்லவில்லை. அது வேறொன்றை அளக்கிறது. நாம் பழைய பெயரையே அதற்கும் இட்டுவிட்டோம்.

ஆயினும் திருமலையின் எண்ணிலிருந்து அலிபிரியின் எண்ணைக் கழித்தால், மூன்று வழிகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. படி எண்ணும் முறை தராதது இதைத்தான். படிகளின் எண்ணிக்கை எந்தப் பாதையில் ஏறினோம், கல் செதுக்கியவர் எவ்வளவு உயரமாகச் செதுக்கினார், நடுவே எவ்வளவு தூரம் சமதரையில் நடந்தோம் என்பனவற்றைப் பொறுத்தது. காளி கோபுரம் தாண்டியதும் நெடுந்தூரம் சமமாக நடந்து, பிறகு மோகாள்ள மெட்டில் முழங்கால் நோக ஏறியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாதையைப் பொறுத்து மாறும் எண்ணை இடத்தின் பண்பாகக் கொள்ள முடியாது. ஒரு சுவையான செய்தி: மட்டக்கருவி பிடிப்பவரும் இந்தக் குறையிலிருந்து முழுதும் தப்பவில்லை. இடத்துக்கு இடம் புவியீர்ப்பு சிறிது மாறுவதால், மிக நுட்பமாக அளந்தால், இரண்டு பாதைகளில் ஏறிய இரண்டு அளவையாளர்கள் சிறிதளவு வேறுபட்ட எண்களோடு மேலே சந்திப்பார்கள். அதற்கென்று ஈர்ப்புத் திருத்தம் செய்கிறார்கள். படி எண்ணியவரைப் பார்த்துச் சிரித்தோமே, அதே நோய் இங்கே மில்லிமீட்டர் அளவிலும் சென்டிமீட்டர் அளவிலும் இருக்கிறது!

மலையேறியவர் துலாபாரம் செலுத்துவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒரு தட்டில் ஆள். மறுதட்டில் நாணயமோ, சர்க்கரையோ, வெல்லமோ. அந்தத் தராசை அலிபிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தாலும் அதே அளவு சர்க்கரைதான் வேண்டும். இரண்டு தட்டையும் பூமி ஒரே வகையாக இழுப்பதால், இழுப்பு கூடினாலும் குறைந்தாலும் தராசு அறியாது. வில் தராசோ அறியும். மையத்திலிருந்து சற்று விலகிச் சென்றதால் திருமலையில் ஈர்ப்பு சிறிது குறைவு. 60 கிலோ உடையவருக்கு, போதிய நுட்பமுள்ள வில் தராசு பத்துக் கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். உணவு குறைந்ததாலும் வியர்வையாலும் வரும் குறைவு அதைவிடப் பெரிது என்பது வேறு.

ஆக, இரண்டு செயல்கள், இரண்டு கருத்துகள். தட்டுத் தராசு தருவது ஒன்று. வில் தராசு தருவது மற்றொன்று. இவற்றுக்குத் தமிழில் பெயர் என்ன? தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முதலாவது “நிறை”, இரண்டாவது “எடை”. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முதலாவது “திணிவு”, இரண்டாவது “நிறை”. ஒரே சொல் பாக்குநீரிணையின் இக்கரையில் ஒரு பொருளும் அக்கரையில் மற்றொரு பொருளும் தருகிறது! “நிலவுக்குச் சென்றால் நிறை மாறாது” என்பது சென்னையில் சரியான விடை. யாழ்ப்பாணத்தில் தவறான விடை. எந்த ஊர்ச் சொல் சிறந்தது என்று வாதிடுவோர் வாதிடட்டும். இருவரும் தராசைக் காட்டிப் பேசினால் ஒரு நொடியில் உடன்பட்டுவிடுவார்கள். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு நாள் முழுதும் வாதாடலாம். தமிழில் அறிவியல் எழுத விரும்பும் நமக்கு இது மிகவும் வேண்டிய பாடம் என்பது என் கருத்து. கலைச்சொல் அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே மற்றொரு சொல்லை எழுதிவிட்டால் வேலை முடிந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். முடியவில்லை.

நல்ல சொல் அமைந்த இடமும் உண்டு. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று தமிழில் தெளிவாகப் பிரித்திருக்கிறோம். ஐரோப்பாவில் இவை இரண்டும் நெடுங்காலம் குழம்பிக் கிடந்தன. 1760-களில் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக், உருகும் பனிக்கட்டிக்கு வெப்பம் ஊட்டிக்கொண்டே இருந்தும் வெப்பமானி அசையாமல் நிற்பதைக் கவனித்தார். ஒரு கருவி அசைகிறது, ஒன்று அசையவில்லை என்றால் அங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன என்றுதானே கொள்ள வேண்டும்?

வெப்பநிலையை அளப்பதிலும் ஒரு சுழல் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன், சென்னைப் பரங்கிமலைக்கு அருகே இந்திய முக்கோண அளவையின் முதல் அடித்தளக் கோட்டை அளந்தார். ஏழரை மைல் நீளம். கருவியோ நூறடி எஃகுச் சங்கிலி. ஏப்ரல், மே மாத வெயிலில் எஃகு நீளும். பத்துப் பாகை செல்சியஸ் ஏறினால் நூறடிச் சங்கிலி அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். சிறிதுதான், ஆனால் நானூறு முறை போட்டால் நான்கு அடிக்கு மேல் பிழை. ஆகவே சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, நெடுக வெப்பமானிகள் வைத்து, திருத்திக் கணக்கிட்டார். நீளத்தை அறிய வெப்பநிலை வேண்டியிருந்தது. அந்த வெப்பமானியோ பாதரசக் கம்பத்தின் நீளத்தைத்தான் காட்டுகிறது! ஒன்றை அறிய மற்றொன்று வேண்டும். மற்றொன்றை அறிய முதலாவது வேண்டும். முதலில் தோராயமாக ஒன்றை அளந்து, அதைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தி, மீண்டும் முதலாவதைத் திருத்தி, இப்படித்தான் அறிவியல் இந்தச் சுழலிலிருந்து ஏறி வந்திருக்கிறது. கருத்தும் கருவியும் ஒன்றையொன்று செதுக்குகின்றன.

நமக்கு அருகிலேயே, இந்தக் கேள்விகளெல்லாம் நாள்தோறும் எழும் இடம் ஒன்றிருக்கிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் உள்ள காதங்கி. அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் உள்ளது; இந்திய விண்வெளித் துறையைச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்கு ஒரு பெரிய ராடார் நிறுவப்பட்டது. 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள நிலத்தில் 1,024 அலைவாங்கிக் கம்பங்கள், வயலில் நாற்று நட்டதுபோல வரிசையாக நிற்கும். 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வானொலி அலைத் துடிப்புகளை மேலே அனுப்பி, காற்றிலுள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளிலிருந்து திரும்பும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்கிறது.

இந்த ராடாருக்கு “உயரம்” என்பது நேரம். துடிப்பு போய்த் திரும்பிய நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். 17 கிலோமீட்டர் என்பது ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். “காற்றின் வேகம்” என்பது அதிர்வெண் மாற்றம். கற்றையின் திசையில் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால், ஐந்து கோடியே முப்பது லட்சம் அதிர்வுகளில் மூன்றில் ஒரு பங்கு அதிர்வுதான் மாறும். கற்றையைச் சில திசைகளில் சாய்த்து அனுப்பி, எல்லாக் கற்றைகளும் ஒரே காற்றைத்தான் பார்க்கின்றன என்று கொண்டு, கிடைக்காற்றைக் கணக்கிடுகிறார்கள். பலூன் விட்டு அளப்பவருக்கோ காற்று என்பது பலூன் அடித்துச் செல்லப்பட்ட தூரம். நொடிக்கு ஐந்து மீட்டர் ஏறும் பலூன் 17 கிலோமீட்டரை எட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அது பல கிலோமீட்டர் விலகிப் போயிருக்கும். இருவரும் “காற்று” என்றே எழுதுகிறார்கள். ஒருவர் கேட்டது எதிரொலி; மற்றவர் பார்த்தது பலூனின் பயணம். எண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. ஒத்துப்போவது சோதித்து அறிந்த உண்மை.

ஒத்துப்போகாத இடம் இன்னும் சுவையானது. மேலே போகப் போகக் குளிரும் என்பது திருமலையில் நாம் உணர்வது; ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி ஆறரைப் பாகை. இப்படியே குளிர்ந்துகொண்டு போகுமா? 1902-இல் பிரான்சு நாட்டு டெய்ஸரென் த போர், பல ஆண்டுகள் பலூன்கள் விட்டபின், ஓர் உயரத்துக்கு மேல் குளிர்ச்சி நின்றுவிடுகிறது என்று அறிவித்தார். முதலில் அவரே அதை நம்பவில்லை. வெயில் பட்டு வெப்பமானி பிழை காட்டுகிறதோ என்று ஐயுற்று, இரவிலும் பலூன் விட்டுப் பார்த்தார். பிழையன்று. கீழ்வளி மண்டலம் முடிந்து அடுக்குவளி மண்டலம் தொடங்கும் அந்த எல்லை நம் தலைக்கு மேல் 16, 17 கிலோமீட்டரில் இருக்கிறது.

எல்லை எங்கே என்று சரியாகச் சொல்லுங்கள் என்றால்தான் தொல்லை. உலக வானிலை நிறுவனம் 1957-இல் ஓர் இலக்கணம் வகுத்தது: வெப்பநிலை குறையும் வீதம் எந்த உயரத்தில் முதன்முதலாகக் கிலோமீட்டருக்கு இரண்டு பாகையாகவோ அதற்குக் கீழாகவோ ஆகிறதோ, அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டர் வரை சராசரி வீதமும் அந்த அளவைத் தாண்டாமல் இருந்தால், அதுவே எல்லை. ஏன் இரண்டு பாகை? ஏன் இரண்டு கிலோமீட்டர்? இயற்கை சொல்லவில்லை, கூடி அமர்ந்தவர்கள் வைத்துக்கொண்டார்கள். வெப்பமண்டல ஆராய்ச்சியாளர் பலர், மிகக் குளிர்ந்த புள்ளி எதுவோ அதுவே எல்லை என்பர். ராடார் வைத்திருப்பவர்கள், செங்குத்துக் கற்றையின் எதிரொலி திடீரென்று வலுக்கும் உயரத்தை எல்லையாகக் கொள்வர். நிலைத்த அடுக்குகளில் எதிரொலி வலுக்கும் என்பது அவர்கள் காரணம். மூன்றும் சில நாள்களில் ஒன்றாக அமையும். வேறு நாள்களில் சில நூறு மீட்டர் விலகும். இன்னும் கூடவும் விலகலாம்.

எது உண்மையான எல்லை? இந்தக் கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். கீழிருந்து மேலே செல்லும் நீராவி எவ்வளவு என்று அறிய விரும்புபவருக்குக் குளிர்ந்த புள்ளிதான் வேண்டும். அந்தக் குளிரில்தான் நீராவி உறைந்து வடிகட்டப்படுகிறது. பல நாடுகளின் பழைய பதிவுகளை ஒப்பிட்டு, எல்லை ஆண்டுதோறும் உயர்கிறதா என்று பார்ப்பவருக்கு 1957-இன் இலக்கணம் ஏற்றது. மணிக்கணக்கில் விடாமல் கவனிக்க வேண்டியவருக்கு ராடார். ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்த எல்லை என்று முதலிலேயே எழுதிவிடுவது இதனால்தான். தஞ்சைக் கணக்கர் எந்தக் கல் என்று எழுதியதும் இதே தேவையால்தான்.

இவ்வளவும் பிரிட்ஜ்மன் பக்கம் பேசியது. அவரை முழுதும் ஏற்க முடியுமா என்றால், என்னால் முடியவில்லை. செயல்தொகுதியே பொருள் என்றால், செயல் மாறும்போதெல்லாம் கருத்தும் மாற வேண்டும். கோலால் அளந்த நீளமும் ஒளியால் அளந்த நீளமும் இரண்டு வேறு கருத்துகள் என்று அவரே சொன்னார். அப்படியானால் பாதரச வெப்பமானிக்கு ஒரு வெப்பநிலை, மின்தடை வெப்பமானிக்கு மற்றொரு வெப்பநிலை என்று கணக்கற்ற கருத்துகள் பெருகும். மேலே சொன்ன குளிர்ந்த புள்ளியையே பாருங்கள். அங்கே வெப்பநிலை சுழிக்குக் கீழே 80 பாகை அளவில் இருக்கும். பாதரசம் சுழிக்குக் கீழே 39 பாகையிலேயே கட்டியாக உறைந்துவிடும். நாம் எந்தக் கருவியைக் கொண்டு “வெப்பநிலை” என்ற சொல்லைக் கற்றோமோ, அந்தக் கருவி அங்கே வெறும் உலோகத் துண்டு. பலூனில் செல்வது மின்தடை மாறும் சிறிய உணரி. அது காட்டுவதையும் வெப்பநிலை என்றே சொல்கிறோம். இந்த உரிமை எங்கிருந்து வந்தது? இரண்டு கருவிகளும் வேலைசெய்யும் வெப்ப எல்லைக்குள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம், ஒத்தன. அதற்குமேல், வெப்ப இயக்கவியல் என்ற கொள்கை இரண்டையும் ஒரே சட்டத்தில் கட்டுகிறது; 1848-இல் கெல்வின் எந்தப் பொருளையும் சாராத ஓர் அளவையை அதிலிருந்து அமைத்தார். ஒரு கருத்தின் பொருள் ஒற்றைச் செயலில் இல்லை. பல செயல்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதிலும், அவை ஏன் சேர்கின்றன என்று சொல்லும் கொள்கையிலும் இருக்கிறது. பிரிட்ஜ்மனின் கேள்வி தவறாது. அவர் விடை குறுகியது.

ஒருவழியாக மட்டும் அளக்கப்படும் பொருள்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். 1923-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வின் போரிங், அறிவுத்திறன் என்பது அறிவுத்திறன் தேர்வுகள் எதை அளக்கின்றனவோ அது என்று எழுதினார். இது பிரிட்ஜ்மனுக்கு முந்தியது. அவர் சொன்னதைவிடக் கடுமையானது. இத்தகைய இலக்கணத்தில் தேர்வு ஒருநாளும் தவறாகாது. அது எதைக் காட்டினாலும் அதுவே அறிவுத்திறன். படியை எண்ணியவரும் இப்படியே சாதித்திருக்கலாம்: “நான் எண்ணியதே உயரம், இந்த மலைக்கு இரண்டு உயரம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்” என்று. அவரை மறுக்க நமக்கு மட்டக்கருவியும் பாரமானியும் இருந்தன. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணைச் சரிபார்க்க எந்தப் பாரமானி இருக்கிறது? ஒரே விடைத்தாளை இரண்டு பேர் தனித்தனியே திருத்திப் பார்ப்பது ஒரு சோதனைதான். ஆனால் அது ஒரே படிகளை இருமுறை எண்ணுவது போன்றது, மற்றொரு வழி ஏறுவதாகாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைக் கொடுத்து, இதைக் கொண்டு அலிபிரிக்கும் திருமலைக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கண்டு வா என்று அனுப்புவது வேறு வழி. காலையில் கீழேயும் மாலையில் மேலேயும் பார்த்துவிட்டு 25 மீட்டர் கூட்டி எழுதுபவர் யார், கீழே ஒரு நண்பரை நிறுத்திவிட்டு ஏறுபவர் யார் என்பது, எழுத்துத் தேர்வில் இருவரும் சமமாகவே வாங்கியிருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.